கிரீம் சேர்க்காத கிரீம் சூப்!

மழை பிடித்துக்கொண்டால் போதும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைகள் பையைக்கூடக் கழற்றாமல், "சூடா என்னம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் நுழைவார்கள். பஜ்ஜி போட்டால் எண்ணெய். ரசத்தைக் கொடுத்தால் முகம் கோணும். "அன்னைக்கு ஓட்டல்ல குடிச்சோமே, வெள்ளையா, கெட்டியா, உள்ளே குட்டிக் குட்டி பாஸ்தா போட்டு... அந்த சூப் பண்ணித் தாயேன்!" என்று ஒரே அடம்.

"அதுக்கெல்லாம் கிரீம் வேணும், சீஸ் வேணும், வெள்ளை சாஸ் கிளறத் தெரியணும். வீட்டிலே ஆகிற காரியமா?" என்று நம்மில் பலர் நழுவிவிடுகிறோம். ஆகிற காரியம்தான், சகோதரிகளே! இருபது நிமிஷம் போதும். கிரீம் ஒரு சொட்டும் வேண்டாம், மைதாவும் வேண்டாம். கொல்லிமலை வாழவந்தி நாட்டுப் பக்கம் காலங்காலமாக விளைந்து வந்த சாமையும், நம் ஊர் மொச்சையும், ஒரு டம்ளர் பாலும் இருந்தால் ஓட்டல் சூப் தோற்றது.

எப்படி என்று சொல்லும் முன்னே, அந்தக் 'கெட்டி' எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அது தெரிந்துவிட்டால் செய்முறைத் தாளைப் பார்க்காமலே யாரும் சூப் வைக்கலாம்.

கெட்டியாக்குவது கிரீமா?

ஓட்டல்களில் 'கிரீம் சூப்' என்று வரும் பலவற்றைக் கெட்டியாக்குவது கிரீம் அல்ல, மைதாவோ சோள மாவோதான். கிரீம் கடைசியில் வாசனைக்கும் மினுமினுப்புக்கும் சேர்வது. கடையில் கிடைக்கும் கிரீம் பாக்கெட்டில் சுமார் நாலில் ஒரு பங்கு கொழுப்பு. நாலு டேபிள் ஸ்பூன் ஊற்றினால் ஏறத்தாழ மூன்று டீஸ்பூன் நெய் விட்ட கணக்கு. விருந்துக்கு ஒருநாள் சரி. மழைக்காலம் முழுக்க அப்படி ஊற்ற முடியுமா?

வடித்த கஞ்சி ஆறினதும் மேலே ஏடு கட்டி, கெட்டிப்பட்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறோம் அல்லவா? அதில் யார் கிரீம் ஊற்றினார்கள்? எல்லாம் மாவுச்சத்தின் வேலை. தானியத்துக்குள் மாவுச்சத்து மிகச் சிறிய மணிகளாக அடைந்திருக்கிறது. பச்சைத் தண்ணீரில் அவை சும்மா மிதக்கும், அடியில் படியும். தண்ணீர் கொதிநிலையை நெருங்கும் முன்பே, ஏறக்குறைய 60, 70 டிகிரி சூட்டிலேயே, தண்ணீரைக் குடித்து உப்ப ஆரம்பிக்கும். உப்பிய மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும்போது தண்ணீர் ஓட இடமில்லாமல் குழம்பு கெட்டிப்படுகிறது. கூழ் காய்ச்சுவதும், மோர்க்குழம்புக்கு அரிசியும் பருப்பும் அரைத்து விடுவதும், பாயசத்தில் ஜவ்வரிசி போடுவதும் இதே சூட்சுமம்தான்.

பாஸ்தாவின் சொந்த ஊரான இத்தாலியிலும் சாதாரண வீடுகளில் கிரீமைத் தேடிப் போவதில்லை. பயறும் பாஸ்தாவும் போட்டு அவர்கள் வைக்கும் நாட்டுப்புற சூப் ஒன்று உண்டு. வெந்த பயறில் ஒரு பாதியை அப்படியே விட்டு, மறு பாதியை மசித்துச் சேர்ப்பார்கள். பாஸ்தாவையும் அதே சூப்பில் வேகவிடுவார்கள். பயறின் மசியலும் பாஸ்தா விட்ட கஞ்சியும் சேர்ந்து வெண்ணெய்போல் வழவழப்பாக வரும். நாம் கூட்டு வைக்கும்போது பருப்பை மசித்து விடுகிறோமே, அதே கைப்பழக்கம்தான்.

அப்படியானால் நம் சூப்புக்கு எந்த மாவு? மைதாவில் நார்ச்சத்து குறைவு. சோள மாவு என்று கடையில் விற்கும் வெள்ளைப் பொடியில் மாவுச்சத்தைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. கேழ்வரகு மாவு நன்றாகக் கெட்டியாக்கும். ஆனால் சூப் பழுப்பாகிவிடும், பிள்ளைகள் "இது கூழ்!" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சாமை மாவோ வெளுப்பாக இருக்கும். தனி மணம் தூக்காது, பாலோடு ஒத்துப் போகும். ஆகவே சாமை. அது எங்கிருந்து வருகிறது, ஏன் நடுவில் காணாமல் போனது என்று கேட்டால் மலைமேல்தான் ஏற வேண்டும்.

வாழவந்தி நாட்டுச் சாமை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மேலே போனால் சுமார் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், குளிர்ந்த காற்று, மிளகுக் கொடி, காப்பிச் செடி, பலா, அன்னாசி, மலை வாழை. அங்கே ஊர்களின் தொகுதியை 'நாடு' என்று சொல்வது வழக்கம். அவற்றில் ஒன்று வாழவந்தி நாடு. பஸ் போய் நிற்கும் செம்மேடு இந்த நாட்டில்தான் இருக்கிறது. வல்வில் ஓரியின் சிலை நிற்பதும் அங்கேதான். மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள்.

இந்த மலையில் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு எல்லாம் வெறும் பெயர்கள் அல்ல, ஒவ்வொன்றிலும் பல ரகங்கள் உண்டு. சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை என்று வரிசையாகச் சொல்வார்கள். சீக்கிரம் விளைவது ஒன்று, தாமதித்து விளைந்து அதிகம் தருவது இன்னொன்று. சரிவான மேட்டு நிலத்துக்கு ஒன்று, கொஞ்சம் வளமான இடத்துக்கு வேறொன்று. மழை தவறினாலும் ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்து சேரும் என்ற முன்யோசனை அது.

அப்படிப்பட்ட தானியம் 1970களுக்குப் பிறகு வயலிலிருந்து மெல்ல மெல்ல விலகியது. அதற்குப் பல காரணங்கள். முதல் காரணம் பணம். கீழே சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. 1981-ல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கென்று 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்டது. ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு வேண்டும். கிழங்கு போட்டால் கையில் காசு, சாமை போட்டால் வயிற்றுக்குச் சோறு மட்டும். பிள்ளையின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காசுதானே வேண்டும்? மலைச் சரிவுகள் மரவள்ளிக்கு மாறின. ரேஷன் அரிசியும் மலை ஏறி வந்தது. 2011 ஜூன் முதல் அது இலவசமாகவும் ஆனது.

இன்னொரு காரணத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. பெண்களுக்குத்தான் அது புரியும். அதுதான் உலக்கை.

உலக்கையின் கணக்கு

கேழ்வரகுக்கு உமி ஒட்டியிருக்காது. கசக்கிப் புடைத்துத் திருகையில் போட்டால் மாவாகிவிடும். சாமை அப்படியல்ல. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது என்று சொல்லத்தக்க மணி. ஆயிரம் மணிகளைச் சேர்த்து நிறுத்தாலும் இரண்டு, இரண்டரை கிராம்தான் தேறும். அத்தனை சின்ன மணியின் மேல் வழுவழுப்பான, கெட்டியான உமி இறுகிக் கிடக்கிறது. அதை நீக்காமல் சோறாக்க முடியாது.

வெயிலில் காய வைக்க வேண்டும். உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். முறத்தில் அள்ளிப் புடைக்க வேண்டும். உமி போகாத மணிகளைத் திரும்பவும் உரலில் போட வேண்டும். மறுபடி புடைக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை பாடு! காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து, தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, அதன்பிறகு உலக்கையைப் பிடிக்க வேண்டியவள் வீட்டுப் பெண்தான். ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டால் அரை மணியில் சோறு. எந்தப் பெண்தான் அதை வேண்டாம் என்பாள்? 'பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்களே' என்று கீழே உட்கார்ந்து அங்கலாய்ப்பது சுலபம். அந்தத் தோள்பட்டையின் வலியைக் கேட்டால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

அதே உமிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உமியோடு இருக்கும்வரை சாமை பூச்சி பிடிக்காமல் நாள்பட இருக்கும். உமி நீக்கியவுடன் அதன் ஆயுசு குறைகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய்ச் சத்து காற்றுப் பட்டுக் கசக்க ஆரம்பிக்கிறது. ஆகவேதான் முந்தின தலைமுறைப் பெண்கள் ஒரேயடியாகக் குத்தி வைத்துக்கொள்ளாமல் அன்றன்றைக்குக் குத்தினார்கள். பாடு தீரவே தீராததற்கு அதுவும் காரணம்.

1988-ல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலை ஆரம்பித்தது. பழைய ரகங்களின் விதையைச் சேகரித்து ஊர் விதை வங்கி வைப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உமி நீக்கும் சிறிய இயந்திரங்களையும் மாவு அரைக்கும் இயந்திரங்களையும் ஊருக்குள்ளேயே கொண்டு வந்து, பெண்கள் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். சாமை அரிசி, தினை அரிசி, ரவை, மாவு, சத்துமாவு என்று பாக்கெட் போட்டு விற்கவும் அந்தக் குழுக்கள் பழகின. விதையை மட்டும் காப்பாற்றினால் போதாது, உலக்கையையும் கீழே வைக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்ததுதான் விசேஷம். போன மரவள்ளியெல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. கிழங்குக்கு இன்றும் மலையில் இடம் உண்டு. ஆனால் சாமை சாப்பிட ஆசைப்படுகிற வீட்டில், அதற்காக ஒரு பெண் அரை நாள் இடிக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்திருக்கிறது.

நாம் 'இருபது நிமிஷ சூப்' என்று பெருமையடித்துக்கொள்ள முடிவதும் அந்த மில்லால்தான். சரி, அடுப்பைப் பற்ற வைப்போமா?

பாஸ்தா சூப் - நாலு பேருக்கு

தேவையான பொருட்கள்:

சின்ன வகை பாஸ்தா (மக்ரோனி அல்லது சிறுதானிய பாஸ்தா) - முக்கால் டம்ளர், சுமார் 80 கிராம்
சாமை மாவு - 2 டேபிள் ஸ்பூன்
வெந்த பிதுக்குப் பருப்பு - அரை டம்ளர்
காரட் - 1
பீன்ஸ் - 6
சின்ன வெங்காயம் - 10
பூண்டு - 4 பல்
காய்ச்சிய பால் - 1 டம்ளர்
தண்ணீர் - 4 டம்ளர்
வெண்ணெய் அல்லது எண்ணெய் - 2 டீஸ்பூன்
மிளகு - 1 டீஸ்பூன்
சீரகம் - அரை டீஸ்பூன்
உப்பு, கொத்தமல்லித் தழை - தேவைக்கு

(டம்ளர் என்றால் 200 மில்லி பிடிப்பது.)

முன்னேற்பாடு: பச்சை மொச்சை கிடைக்கும் மார்கழி, தை மாதங்களில் தோலைப் பிதுக்கிக் குக்கரில் இரண்டு விசில் விட்டால் போதும். மற்ற மாதங்களில் காய்ந்த மொச்சையை முதல்நாள் இரவே ஊற வைத்து, காலையில் பிதுக்கி, சாதத்தோடு ஒரு தட்டில் வைத்து வேகவிட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொச்சை ஒத்துக்கொள்ளாதவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றைப் போடலாம். வழவழப்பு வரும், புரதம்தான் குறையும்.

சாமை மாவு கடையில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சாமை அரிசி இரண்டு கைப்பிடி எடுத்து, வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூடு வரும்வரை புரட்டி, ஆறியதும் மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சிவக்க வறுத்துவிடாதீர்கள். வறுபட்ட மாவு கெட்டியாக்கும் சக்தியை இழந்துவிடும்.

செய்முறை:

1. ஒரு அடுப்பில் மூன்றரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மீதி அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் சாமை மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஓரமாக வையுங்கள்.

2. இன்னொரு அடுப்பில் அடி கனமான பாத்திரம். வெண்ணெய் உருகியதும் பொடியாக நறுக்கிய வெங்காயம், நசுக்கிய பூண்டு போட்டு, நிறம் மாறாமல் வாடும்வரை வதக்குங்கள். சிவந்தால் சூப் வெள்ளையாக இராது.

3. சிறுசாக அரிந்த காரட், பீன்ஸ் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, உப்பும் பாஸ்தாவும் போடுங்கள். மூடாமல் எட்டு முதல் பத்து நிமிஷம் வேகட்டும். நடுநடுவே கிளறிவிட வேண்டும், அடியில் ஒட்டும்.

4. அது வேகிற நேரத்தில் பிதுக்குப் பருப்பில் பாதியை மத்தால் மசித்துக்கொள்ளுங்கள். பாஸ்தா முக்கால் பதம் வெந்ததும் மசித்ததையும் மசிக்காததையும் சூப்பில் சேருங்கள்.

5. கரைத்து வைத்த சாமை மாவு இதற்குள் அடியில் படிந்திருக்கும். நன்றாகக் கலக்கி, ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். தணலைக் குறைத்து மூன்று, நாலு நிமிஷம் கொதிக்கவிடுங்கள். பச்சை மாவு வாசனை போய், கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டினால் பதம் சரி.

6. அடுப்பைச் சின்னதாக்கிப் பாலை ஊற்றிக் கலக்குங்கள். ஆவி வந்தால் போதும், பொங்கவிட வேண்டாம். இறக்கி வைத்து, மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவி, கொத்தமல்லி கிள்ளிப் போடுங்கள்.

கொல்லிமலை மிளகு கிடைத்தால் சொல்லவே வேண்டாம். சளி பிடித்த மூக்குகூட வாசனையைக் கண்டுபிடித்துவிடும்!

பாஸ்தாவுக்குப் பதில் கேழ்வரகு சேமியா போடுவதானால் ஐந்தாவது கட்டத்தில் மாவு கொதித்த பிறகு சேருங்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் கொதித்தால் கரைந்து கூழாகிவிடும்.

வீட்டிலேயே பாஸ்தா பிழியலாம்

"கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நாங்கள் என்ன பண்றது?" என்று கேட்கும் வாசகியர் உண்டு. பாஸ்தா என்பது மாவைப் பிசைந்து அச்சில் பிழிந்து காய வைத்ததுதானே? இடியாப்பம் பிழியத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல.

கோதுமையில் பசைத்தன்மை தரும் புரதம் இருப்பதால் அது சாதாரணத் தண்ணீரிலேயே இழுபடும். சாமையிலும் கேழ்வரகிலும் அது கிடையாது. ஆகவே கொதிக்கிற தண்ணீர் அவசியம். சூடு பட்டு மாவுச்சத்து பாதி வெந்து, அதுவே பசையாக நின்று மாவைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு டம்ளர் சாமை மாவில் உப்பும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் சேர்த்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். ஏறக்குறைய ஒரு டம்ளர் பிடிக்கும். கை பொறுக்கும் சூடு வந்ததும் அழுத்திப் பிசைந்து, முறுக்கு அச்சில் தேன்குழல் தட்டைப் போட்டு இட்லித் தட்டில் பிழியுங்கள். பத்து நிமிஷம் ஆவியில் வெந்ததும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் ஒட்டிக்கொள்ளும். சூப்பை இறக்கும் முன் கடைசியாகப் போட்டால் போதும், ஏற்கெனவே வெந்ததுதானே! பிள்ளைகளை அச்சைச் சுற்றச் சொல்லுங்கள். தான் பிழிந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள்.

கேள்வியும் பதிலும்

கட்டி கட்டியாகிவிட்டதே? மாவைச் சூடான தண்ணீரில் கரைத்திருப்பீர்கள். வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே உலர்ந்த மாவு சிறைப்பட்டுவிடும். எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே கரையுங்கள். வந்துவிட்ட கட்டியை வடிகட்டியில் ஊற்றித் தேய்த்து எடுத்துவிடலாம்.

பால் திரிந்துபோகிறதே? தக்காளி சேர்த்திருந்தால் புளிப்பில் திரியும். இந்த சூப்புக்குத் தக்காளி வேண்டாம். எலுமிச்சை பிடித்தவர்கள் சாப்பிடும்போது கிண்ணத்தில் இரண்டு சொட்டு பிழிந்துகொள்ளட்டும்.

ராத்திரி வரை வைத்தால் பாஸ்தா எல்லாவற்றையும் குடித்துவிடுகிறதே? அது அதன் சுபாவம். அடுத்த வேளைக்கும் வேண்டுமானால் பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து, பரிமாறும்போது கலக்குங்கள். ஏற்கெனவே இறுகிப்போனதில் வெந்நீரும் கொஞ்சம் பாலும் விட்டுச் சூடுபடுத்தலாம். பால் சேர்ந்த சூப்பை வெளியில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

யாருக்கு எவ்வளவு?

கேழ்வரகின் பெருமை சுண்ணாம்புச் சத்து. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம்கூட இல்லை. சாமையில் சுண்ணாம்புச் சத்து அதிகமில்லை. அதன் பலம் நார்ச்சத்திலும் புரதத்திலும். 100 கிராம் சாமையில் நார்ச்சத்து ஏழு கிராமுக்கு மேல், புரதம் சுமார் பத்து கிராம். தீட்டிய அரிசியில் நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. ஜவ்வரிசியிலோ மாவுச்சத்தைத் தவிர வேறெதுவும் சொல்லும்படி இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு கிண்ணம் சூப்பில் அற்புதம் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். முழுக் கேழ்வரகு சேமியா 80 கிராம் போட்டு, ஒரு டம்ளர் பால் விட்டு நாலு பேர் பங்கிட்டால், ஒருவருக்குச் சுமார் 130 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம். எட்டில் ஒரு பங்கு! மாலைச் சிற்றுண்டிக்கு அது நல்ல கணக்குதான். மீதிக்கு மோர், கீரை, எள், மீன் என்று நாள் முழுக்கச் சேர்க்க வேண்டும்.

காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கும், பல் இல்லாத பெரியவர்களுக்கும் பாஸ்தாவைக் குழைய வேகவிட்டு, மிளகைக் குறைத்துக் கொடுக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உப்பும் பசும்பாலும் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து, நன்றாக மசித்துக் கொடுங்கள். முழு மொச்சையைச் சின்னக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 'சிறுதானியம்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்' என்று சிலர் நினைக்கிறார்கள். தானியத்தை முழுசாக வேகவைத்துச் சாப்பிடுவதற்கும் மாவாக்கிக் கூழாக்கிக் குடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மாவானது சீக்கிரம் ஜீரணமாகி, சர்க்கரையையும் சீக்கிரம் ஏற்றும். அவர்களுக்கு மாவை ஒரு ஸ்பூனாகக் குறைத்து, பாஸ்தாவைப் பாதியாக்கி, காய்கறியையும் மொச்சையையும் இரட்டிப்பாக்குங்கள். சூப் குடித்த அன்று அந்த வேளைச் சோற்றையும் குறைக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு மே மாதம் நம் அரசும் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தது. மவுசு கூடினால் பாக்கெட்டுகளும் கூடுமல்லவா? 'சாமை பாஸ்தா', 'தினை சேமியா', 'ராகி மக்ரோனி' என்று விதவிதமாக வந்துவிட்டன.

முன்பக்கப் படத்தைப் பார்த்து ஏமாறாமல் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் 'கோதுமை ரவை' அல்லது 'மைதா' என்று இருந்தால் அது சாமை எட்டிப் பார்த்த கோதுமைப் பண்டம். மோசமில்லை, ஆனால் சாமையின் விலையைக் கொடுக்கத் தேவையில்லை. கோதுமை ஆகாதவர்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும்.

சாமை அரிசியைப் பளீரென்று வெள்ளையாகத் தீட்டியதாக வாங்காதீர்கள். நார்ச்சத்து தவிட்டோடு போய்விட்டிருக்கும். லேசாக மங்கலாக, பழுப்புச் சாயலோடு இருப்பதே நல்லது. ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் பழசு. மாவாக வாங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம், அரை கிலோ போதும்.

இன்னொரு சங்கதி. கொல்லிமலைக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, மிளகும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அடுத்த தடவை செம்மேட்டில் இறங்கும்போது, மலைப் பெண்கள் குழுக்களின் சாமை எங்கே கிடைக்கும் என்று விசாரித்து ஒரு கிலோ வாங்கி வாருங்கள். விலை கீழே கிடைக்கும் அரிசியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். பேரம் பேசுவதற்கு முன் அந்தச் சின்ன மணியையும் அதன் உமியையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். சாமைக்கு நல்ல விலை கிடைத்தால்தான், மரவள்ளிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலமாவது அதற்கு ஒதுக்கக் கட்டுபடியாகும். விற்றது போக ஒரு மூட்டையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளவும் மனசு வரும். நம் பிள்ளைகள் குடிக்கிற சத்தான சூப்பை அந்த மலைப் பிள்ளைகளும் குடிக்க வேண்டும் அல்லவா?

இந்த வாரமே ஒரு மழை மாலையில் செய்து பாருங்கள். மொச்சைக்குப் பதில் பச்சைப் பட்டாணி போட்டாலும், காரட்டுக்குப் பதில் பூசணி போட்டாலும் சூப் கோபித்துக்கொள்ளாது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைப்பது, பாலைக் கடைசியில் ஊற்றுவது - இந்த இரண்டை மட்டும் மறக்க வேண்டாம்.